கரண்டைக்கு மேலே நாலு விரல்

சென்னைப் பெரியமேட்டில் என் பட்டறைக்கு பைக் பூட் தைக்கக் கேட்டு வருகிறவர்களிடம் "என்ன வண்டி?" என்றுதான் முதலில் கேட்பேன். பதில் வருவதற்குள் அவர் காலில் இருக்கும் ஷூவே பாதியைச் சொல்லிவிடும். இடது ஷூவின் மேற்புறம், பெருவிரலுக்குச் சற்றுப் பின்னால், ஒரு விரல் அகலத்துக்குத் தோல் கருத்துத் தேய்ந்திருந்தால் அது கியரை விரலால் நெம்பித் தூக்குகிற வண்டி. மேலே தேய்மானமே இல்லையென்றால், முன்னாலும் பின்னாலும் மிதிக்கிற லீவர். அதே தேய்மானம் வலது ஷூவில் இருந்துவிட்டால் எனக்கு மனம் குளிர்ந்துவிடும். கியர் வலப்பக்கமும் பிரேக் இடப்பக்கமுமாகத் திருவொற்றியூரில் செய்து வெளியே வந்த பழைய புல்லட்டை இன்னும் விடாமல் ஓட்டுகிற ஆள் அவர். அவருக்குக் கியர் பேடை, அதாவது லீவர் உரசுகிற இடத்தில் வைக்கும் கூடுதல் தோல் துண்டை, வலது பூட்டில் வைத்துத் தைக்க வேண்டும். கடையில் அடுக்கி வைத்திருக்கும் பூட்டுகளில் அவருக்கு அது கிடைப்பது அரிது.

இந்தத் தொழிலில் எனக்கு நன்றாக உறுதிப்பட்ட விஷயம், வீட்டில் கிடக்கிற பூட் யார் காலையும் காப்பாற்றாது என்பதுதான். பார்க்க முரட்டுத்தனமாக இருந்தால் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போக மாட்டார்கள். மாட்டவும் கழற்றவும் ஐந்து நிமிஷம் ஆகுமென்றால் கடைத்தெருவுக்கு எடுக்க மாட்டார்கள். நடந்தால் வலிக்குமென்றால் ஞாயிற்றுக்கிழமை ஈசிஆர் சவாரிக்கு மட்டும் அது வெளியே வரும். வண்டி சறுக்குவது என்னவோ பால் பாக்கெட் வாங்கப் போகிற தெருமுனையிலும் நடக்கிறது. அதனால் அழகு, சௌகரியம் இரண்டையும் பாதுகாப்புக்குப் போட்டியாக நான் நினைப்பதில்லை. அவை இல்லாத பூட்டைப் பாதுகாப்பான பூட் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தோலிலிருந்து தொடங்குகிறேன். ஆம்பூரில் ஏற்றுமதி ஷூ கம்பெனி ஒன்றின் கட்டிங் பிரிவில்தான் தொழில் கற்றேன். எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பெரியவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். மேசையில் தோலை விரித்ததும் கழுத்துப் பக்கத்திலிருந்து வால் பக்கம் வரை உள்ளங்கையால் ஒருமுறை தடவுவார். "தம்பி, மாடு எப்படி நின்னுச்சோ அப்படியே தோலைப் பாரு. மூக்கை முதுகுல எடு, நாக்கை வயித்துல எடு" என்பார். மூக்கு என்றால் விரல்களை மூடுகிற முன்பகுதி. முதுகுத்தோலில் நார் நெருக்கமாகப் பின்னியிருக்கும். இழுத்தால் நீளாது, உரசினால் சட்டென்று கிழியாது. வயிற்றுத்தோல் தளர்ந்தது, இழுத்த இழுப்புக்கு வரும். லேஸுக்குக் கீழே மறைந்திருக்கிற நாக்குக்கு அது போதும். ஒரே தோலில் இரண்டும் இருக்கின்றன. எதை எங்கே வைத்தார்கள் என்பதில்தான் நல்ல பூட்டும் மட்டமான பூட்டும் பிரிகின்றன. விலைச்சீட்டில் 'அசல் மாட்டுத்தோல்' என்று இருப்பதால் மட்டும் இது தெரியாது.

கடையில் நிற்கும்போது இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பூட்டின் முன்பகுதியை, நடக்கும்போது மடிகிற இடத்தில், கட்டைவிரலால் அழுத்தி உள்பக்கமாக மடக்கிப் பாருங்கள். மெல்லிய, நெருங்கிய சுருக்கங்கள் விழுந்து, விரலை எடுத்ததும் மறைந்தால் நல்ல இடத்துத் தோல். மேல்தோல் தனியாகக் கழன்றுகொண்டதுபோல் தடித்த மடிப்பாக எழுந்தால் அது வயிற்றுப் பக்கம், அல்லது மேல்தோலைத் தேய்த்தெடுத்துப் பெயின்ட் பூசியது. அடுத்து, தோலின் வெட்டு விளிம்பு வெளியே தெரிகிற ஓர் இடத்தைத் தேடுங்கள். பூட்டின் மேல் வாய், பக்கிள் பட்டையின் நுனி, எங்காவது இருக்கும். மேலிருந்து கீழ்வரை ஒரே நார்க்கட்டாக இருக்க வேண்டும். மேலே பிளாஸ்டிக் தகடுபோல ஒரு படலமும் கீழே பஞ்சுபோல நாரும் தெரிந்தால், அது தோலை இரண்டாகச் சீவியெடுத்த அடிப்பாகத்தின் மேல் பாலியூரித்தேன் பூசியது. இரண்டு மழைக்காலத்துக்குள் உரிய ஆரம்பிக்கும். பைக் பூட்டுக்கு நான் எடுப்பது 2 மில்லிமீட்டரிலிருந்து 2.4 வரை தடிமனுள்ள பசுத்தோல். எருமைத்தோல் தடிமனாகக் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் அதன் நார் தளர்வானது, மடிப்பில் தொங்கிப்போகும்.

பதனிடும் முறையும் முக்கியம். நம் பக்கத்தில் காலங்காலமாக ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும்தான் தோலைப் பதனிட்டார்கள். குரோம் உப்பில் பதனிடுவதை மெட்ராஸுக்குக் கொண்டுவந்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது நடந்தது. குரோம் தோல் கொதிநீரையே தாங்கும். பட்டைத்தோல் நனைந்த நிலையில் 75, 85 டிகிரிக்குள்ளேயே சுருண்டுவிடும். மழையில் ஊறிய பூட்டை வைத்துக்கொண்டு சைலன்ஸருக்குப் பக்கத்தில் கால் நீட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அதனால் மேல்பகுதிக்குக் குரோம் தோல், உள்ளே பாதம் பதிகிற இன்சோலுக்குப் பட்டைத்தோல் என்று வைக்கிறேன். வியர்வையை உறிஞ்சிக்கொள்வதிலும், கொஞ்ச நாளில் பாதத்தின் வடிவத்துக்கே பள்ளம் விழுந்து படிந்துகொள்வதிலும் பட்டைத்தோலுக்கு ஈடு கிடையாது.

பூட் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் விரல்களைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஸ்டீல் வைத்திருக்கிறதா என்று முன்பக்கத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். நான் அவர்கள் கையைப் பிடித்துக் கரண்டையின் மேல் வைப்பேன். கிளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோ. அது பக்கவாட்டில் சாயும்போது ஃபுட் பெக்குக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது கணுக்கால்தான்.

ஓர் ஐப்பசி மழையில் ஸ்ரீபெரும்புதூர் சாலையில் சறுக்கி விழுந்த பையன் தன் பூட்டை என்னிடம் எடுத்துவந்தான். வேறெங்கோ வாங்கியது, ரிப்பேர் ஆகுமா என்று கேட்டான். வெயில் படுகிற ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். மூக்கில் பரவலான சிராய்ப்பு, ஆனால் தோல் அப்படியே இருந்தது. பாழானது வெளிப்பக்கக் கரண்டை. அழகுக்காக அந்த இடத்தில் இரண்டு நிறத் தோலை இணைத்து, எலும்பின் உச்சிக்கு நேராக ஒற்றைத் தையல் ஓட்டியிருந்தார்கள். தார் முதலில் தின்றது நூலைத்தான். நூல் போனதும் இரண்டு துண்டும் வாய் பிளந்து, உள்ளே இருந்த ஸ்பாஞ்சு பொடிந்து, லைனிங் துணியில் சாலையின் கருப்பு அப்பியிருந்தது. தோலில் ஒரு குறையும் இல்லை. தையல் போட்ட இடம்தான் தப்பு. பையனின் காலில் ஒரு மாதத்துக்குக் கட்டு.

"அண்ணா, இது நல்ல லெதர்னு சொன்னாங்களே?"

"லெதர் நல்லதுதான் தம்பி. வெளிப்பக்கம் ஒரே துண்டா இருந்திருக்கணும்."

அதனால்தான் யார் என்ன டிசைன் கேட்டாலும் வெளிப்பக்கக் கரண்டையில் இணைப்புத் தையலுக்கு நான் ஒத்துக்கொள்வதில்லை. இரண்டு வண்ணம் வேண்டுமா, உள்பக்கத்திலோ மேலே கெண்டைக்கால் பக்கத்திலோ வைத்துத் தருகிறேன். இணைக்கும் இடங்களில் இரட்டைத் தையல், அழுகாத நைலான் நூல். கரண்டையின் இரண்டு பக்கமும் தோலுக்கும் லைனிங்குக்கும் இடையே கிண்ணம் போன்ற ஒரு கெட்டித் தகடு. கரண்டை எலும்பின் உச்சிக்கு மேலே உங்கள் கை விரல் நாலை அடுக்கி வைத்தால் அதற்கும் மேலே பூட்டின் வாய் இருக்க வேண்டும். அதற்குக் கீழே முடிகிற எதையும் பைக் பூட் என்று நான் விற்பதில்லை.

ஐரோப்பாவில் இதற்கு இஎன் 13634 என்று ஒரு தர அளவே இருக்கிறது. அதில் தேறிய பூட்டுக்குள் ஒரு சின்னச் சீட்டில் பைக் ஓட்டியின் படமும் அதன் கீழே வரிசையாக நான்கு எண்களும் இருக்கும். ஒவ்வொன்றும் 1 அல்லது 2. முதல் எண் பூட்டின் உயரத்துக்கு, இரண்டாவது உரசலைத் தாங்குவதற்கு, மூன்றாவது வெட்டைத் தாங்குவதற்கு, நாலாவது பக்கவாட்டில் நசுக்கினால் எவ்வளவு விறைப்பாக நிற்கிறது என்பதற்கு. கடைசி எண்ணை நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனென்றால் அதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கையால் ஓரளவு சோதிக்கலாம். பூட்டின் அடியை இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளங்கைகளால் நெருக்குங்கள். மடிந்து குழிந்தால் வேண்டாம். குதியை ஒரு கையிலும் மூக்கை ஒரு கையிலும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். லேசாகத் திரும்பலாம், சுருளக் கூடாது. ரேஸ் டிராக்குக்கோ லடாக் போன்ற தூரப் பயணத்துக்கோ போகிறவர்களை அந்தச் சீட்டு உள்ள பூட்டாகவே வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுவேன். என்னிடம் சோதனைக்கூடம் இல்லை. தினமும் வேலைக்கு ஓட்டுகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள்.

அழகைப் பற்றி ஒரு வார்த்தை. லேஸ் இல்லாமல், புறங்காலில் ஒரு பக்கிள், வாயில் ஒரு பக்கிள் என்று வருகிற எஞ்சினியர் பூட்டை இன்றைக்கும் பையன்கள் படத்தோடு கொண்டுவந்து கேட்கிறார்கள். அமெரிக்காவில் 1930-களின் கடைசியில் அது உருவானபோது நெருப்புக்கும் இரும்புக்கும் பக்கத்தில் நிற்கிற தொழிலாளிகளுக்கான பூட்டாகத்தான் இருந்தது. மாட்டிக்கொள்ள லேஸ் இல்லை, உள்ளே தீப்பொறி விழ இடைவெளி இல்லை. பைக் ஓட்டுகிறவர்களுக்கும் அதுவே தேவைப்பட்டது. 1953-இல் 'தி வைல்ட் ஒன்' படத்தில் மார்லன் பிராண்டோ போட்டுக்கொண்டு வந்தபிறகுதான் அது ஸ்டைலானது. இத்தாலியிலும் அதே கதை. பைக் பூட் கம்பெனிகளான சிடி 1960-இலும் ஆல்பைன்ஸ்டார்ஸ் 1963-இலும் தொடங்கப்பட்ட ஊர்கள் மலையேறும் பூட் தைத்துப் பழகிய பகுதியில்தான் இருக்கின்றன. வேலைக்காக வைத்த பட்டையும் தையலும்தான் காலப்போக்கில் கண்ணுக்குப் பழகி அழகாகின்றன. ஆகவே ஒரு பூட்டில் கண்ணைக் கவர்கிற எதைப் பார்த்தாலும், இது என்ன வேலை செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள். புறங்காலில் பக்கிள் பட்டை இருந்தால் அது உண்மையிலேயே குதியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறதா, வெறுமனே தைத்து ஒட்டியதா? கியர் பேட் லீவர் படுகிற இடத்தில் இருக்கிறதா, அதற்கு ஓர் அங்குலம் தள்ளி அலங்காரமாக நிற்கிறதா?

ஆனால் எஞ்சினியர் பூட்டை அப்படியே நம் ஊரில் தைத்துக் கொடுக்க எனக்குத் தயக்கம் உண்டு. அதைக் காலில் இழுத்து ஏற்றவும் உருவிக் கழற்றவும் பாடு. நாம் ஒரு நாளைக்கு எத்தனை வாசலில் காலணியைக் கழற்றுகிறோம்! வீடு, கோயில், பள்ளிவாசல், டாக்டர் கிளினிக், சில ஜவுளிக்கடைகள்கூட. அமெரிக்காக்காரன் காலையில் மாட்டினால் ராத்திரிதான் கழற்றுவான். அவனுக்கு வரைந்த பூட் இது. நம் சௌகரியக் கணக்கு வேறு.

சுயஉதவிக் குழுக்களிடம் கடன் வசூல் செய்கிற வேலையில் இருக்கும் ஒரு பெண் வந்தார். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் நாள் முழுக்க பைக்கில் சுற்றுகிறவர். முழங்கால் வரை வருகிற விலை உயர்ந்த பூட் ஒன்றை அண்ணன் பரிசாகக் கொடுத்திருக்கிறார். ஆனால் அந்தப் பெண் என் பட்டறைக்கு வந்ததோ ரப்பர் செருப்பில். "ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலயும் உட்காந்து அதைக் கழட்ட முடியல அண்ணா. வாசல்ல நின்னபடியே கழட்டணும், கையில நோட்டுப் புத்தகம் இருக்கும்" என்றார். அவருக்கு வரைந்த பூட்டுக்கு உள்பக்கம் முழு நீள ஜிப், அதன் மேலே ஜிப்பை மூடுகிற ஒரு மடிப்பு, மேல் வாயில் ஒரு வெல்க்ரோ. முன்பக்கம் லேஸ் உண்டு. ஒருமுறை கால் அளவுக்கு இறுக்கிக் கட்டினால் பிறகு தொடவே வேண்டாம், நுனியை உள்ளே செருகிவிடலாம். குதியில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு தோல் வளையம். உயரம் நாலு விரலுக்குக் கொஞ்சம் மேலே, சுடிதார் பேன்ட் அதன்மேல் விழும். வெளியே பார்த்தால் சாதாரணக் கருப்பு ஷூ. வெயிலோ மழையோ, இப்போது அதைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறார். அந்த மாதிரியைத்தான் இன்று நான் அதிகம் தைக்கிறேன்.

ஜிப் எப்போதும் உள்பக்கம்தான். வெளிப்பக்கம் வைத்தால் விழும்போது சாலையில் உரசுவது ஜிப். லேஸின் வளையம் தொங்குகிற பூட்டை நான் கையால் தொடுவதில்லை. அது கியர் லீவரிலோ பெக்கிலோ மாட்டினால், சிக்னலில் கால் ஊன்றப் போகிற நேரத்தில் கால் வராது, வண்டியோடு சாய வேண்டியதுதான்.

அளவெடுப்பதில் ஐரோப்பிய எண்களை நான் நம்புவதில்லை. அவர்கள் அச்சு, நாங்கள் லாஸ்ட் என்போம், முன்பாதத்தில் குறுகலாக இருக்கும். செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த நம் பாதம் விரல் பக்கம் விரிந்தது. அடையாறில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை ஸ்கேன் செய்து பார்த்து, நம் பாதம் அகலமானது என்பதை எண்களோடு காட்டியிருக்கிறது. அகலம் போதாததால் நீளத்தில் ஒரு நம்பர் கூட்டி வாங்குவதுதான் இங்கே வழக்கம். சாதா ஷூவில் அது பரவாயில்லை. பைக் பூட்டில் அப்படிச் செய்தால் குதி உள்ளே வழுக்கும், கரண்டைக் கிண்ணம் கரண்டைக்கு நேராக உட்காராது, முனை நீண்டு கியர் லீவருக்கு அடியில் நுழையாமல் முட்டும். லீவரின் அடியில் விரல் நுழைகிற இடைவெளி ரொம்பக் குறைவு. மேல்தோலையும் சோலையும் இணைக்கிற வெல்ட் பட்டை வைத்துத் தைத்த பூட் என்றால் மூக்கைச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பும் சேர்ந்து தடுக்கும். அதை அந்த இடத்தில் மட்டும் ஒட்டச் சீவிவிடுவேன்.

பாதம் சாயங்காலம் வீங்கியிருக்கும். அப்போது, ஓட்டும்போது போடுகிற அதே சாக்ஸோடு, நின்றபடி இரண்டு காலையும் காகிதத்தில் வரைந்துகொள்வேன்; இரண்டும் ஒரே அளவில் இருப்பவர்கள் குறைவு. தயாரானதும் பட்டறை வாசலில் நிற்கும் வண்டியில் ஏறி உட்காரச் சொல்வேன். கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பதைவிட இது முக்கியம். முழங்கால் மடங்கி, பாதம் பெக்கில் இருக்கும்போது கணுக்கால் முன்பக்கம் மடிகிறது. நடக்கும்போது தெரியாத இறுக்கம் அங்கேதான் தெரியும். கியரை ஏற்றுவதுபோல் விரலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்வேன். முன்பக்க மடிப்பு வெட்டினாலோ பின்பக்க வாய் கெண்டைக்காலைக் கடித்தாலோ முகம் காட்டிக்கொடுத்துவிடும். பிரேக் மிதிக்கிற வலதுகாலுக்கு மிதியின் அழுத்தம் உள்ளங்காலுக்குத் தெரிய வேண்டும். சோல் ரொம்பத் தடிமனானால் அது மரத்துப்போகும். குதி உயரம் 25லிருந்து 30 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெக்கில் பிடிமானம் கிடைக்கும், நடக்கவும் தொந்தரவில்லை. உயரம் குறைந்தவர்கள் சோலைக் கூட்டித் தரச் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டலாம், அதற்குமேல் சீட்டைக் குறைத்துக்கொள்வதுதான் நல்லது.

சோலில் நான் ரப்பரைத் தவிர வேறு எதையும் விரும்புவதில்லை. பாலியூரித்தேன் சோல் லேசானது, மெத்தென்று இருக்கும், புதிதில் காலுக்கு அவ்வளவு சுகம். ஆனால் காற்றின் ஈரம் அதை உள்ளுக்குள் சிதைத்துக்கொண்டே இருக்கும். சென்னையில் அலமாரிக்குள் பெட்டியோடு சில வருஷம் பத்திரமாக வைத்திருந்த பூட்டை எடுத்து மாட்டினால், வாசற்படி தாண்டுவதற்குள் சோல் கட்டி கட்டியாக உதிரும். இப்படி உதிர்ந்த சோலைப் பையில் அள்ளிக்கொண்டு வருகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. அவர்களிடம் நான் சொல்வது: போட்டுப் போட்டுத் தேய்த்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் வந்திருக்கும்.

வாட்டர்ப்ரூஃப் சவ்வு வைத்த பூட்டைப் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. சென்னை, வேலூர், திருச்சி வெயிலில் அது காலை வேகவைக்கும். நம் மழையில் தண்ணீர் பூட்டின் வாய் வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது. இறங்கியது சவ்வுக்குள் தேங்கி இரண்டு நாளானாலும் காயாது. வால்பாறை, குடகு என்று மலைமழையில் ஓட்டுகிறவர்கள் தாராளமாக வாங்கட்டும். ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு எண்ணெய்ப் பதம் நன்றாக உள்ள தோலும், நாக்கின் இரண்டு ஓரத்தையும் பக்கத்தோலோடு சேர்த்துத் தைத்து மூடிய அமைப்பும் போதும். நனைந்தால் செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, மணிக்கொரு தரம் மாற்றி, ஃபேனுக்கு அடியில் காயவைக்கலாம். வெயிலில் வைக்கக் கூடாது, சைலன்ஸர் மேலும் வைக்கக் கூடாது. தோல் விறைத்து மடிப்பில் வெடிக்கும். கார்த்திகை மாதத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்தால் பயப்பட வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, கொஞ்சம் கிரீம் தடவினால் போய்விடும். பெட்டிக்குள் மட்டும் அடைக்காதீர்கள்.

வெல்ட் வைத்துத் தைத்த பூட்டின் சோல் தேய்ந்தால் பிரித்துப் புது சோல் தைக்கலாம். ஜிப் போனால் ஒரு மணி நேர வேலை. கியர் பேட் ஓட்டையானால் அதன் மேலேயே இன்னொரு துண்டு வைத்துத் தைத்துத் தருகிறேன். இன்சோலைக்கூட மாற்றலாம், ஆனால் காலுக்குப் படிந்ததை எடுக்க யாருக்கும் மனசு வருவதில்லை. விழுந்து கரண்டைத் தகடு ஒருமுறை அடி வாங்கிய பூட்டையும், விரல் மடிப்பில் தோல் வெடித்த பூட்டையும் மட்டும் ரிப்பேருக்கு வாங்கிக்கொள்ள மாட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் சாக்ஸோடு வாருங்கள், புதிதாக அளவெடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்புவேன்.